அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே தோட்டம்: மதியம் ஒரு மணிக்கு எங்கே உட்காருவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். சிங்கப்பூரின் மத்திய வர்த்தக வட்டாரத்தில் மூன்று அலுவலகக் கோபுரங்கள், நடுவே ஒரு பொதுத் தோட்டம், ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் ஒரு லாபி. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, தோட்டத்தையும் லாபியையும் உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ‘கேப்பிட்டாஸ்பிரிங் (நடுத் தளங்களில் திறந்தவெளித் தோட்டம் உள்ள சிங்கப்பூர்க் கோபுரம்) மாதிரி வேண்டும் என்கிறார்கள், எந்தச் செடி வைக்கலாம், செடிச்சுவர் நல்லதா, லாபிக்குள் மரம் வளருமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: ‘இப்போது அங்கே இருக்கும் பிளாசாவில் யாருமே நிற்பதில்லை, எல்லாரும் கடந்து போய்விடுகிறார்கள்.’ உங்களுடைய உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. செடிகளுக்கும் வருகிறேன், ஆனால் மனிதர்கள் ஏன் நிற்பதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் கட்டடங்களைச் சுற்றியும் உள்ளேயும் மேலேயும் தோட்டம் போட்டு, போட்டவற்றில் பலவற்றைப் பல வருடம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தும் வருகிறேன். கட்டமைப்புப் பொறியாளரோ தீப்பாதுகாப்பு நிபுணரோ இல்லை. எடை, தீயணைப்பு வண்டி நிற்கும் இடம் போன்றவற்றில் நான் சொல்லும் எண்களைப் பேச்சைத் தொடங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், முடிவை அவர்களிடம் கேட்டு எடுங்கள்.

சிங்கப்பூரில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. ஊர் இருப்பது கிழக்கு 104 பாகைத் தீர்க்கரேகைக்கு அருகில், ஆனால் 1982 தொடக்கத்திலிருந்து நம் கடிகாரம் 120 பாகைக்குரிய நேரத்தில் ஓடுகிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறக்குறைய ஒன்று. அலுவலகக் கூட்டம் எப்போது கீழே இறங்குகிறது? பதினொன்றே முக்காலிலிருந்து இரண்டுக்குள். அதாவது ஆட்கள் வெளியே வருகிற நேரமும் வெயில் நேராகத் தலையில் விழுகிற நேரமும் ஒன்று. காலையிலும் நாலு மணிக்கு மேலும் கோபுரங்களே பிளாசாவுக்குத் தாராளமாக நிழல் தந்துவிடும், ஆனால் அப்போது அங்கே ஆள் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் 200 மீட்டர் கோபுரத்தின் நிழல்கூட மார்ச்சிலும் செப்டம்பரிலும் அதன் காலடிக்குச் சுருங்கிவிடுகிறது. இன்னொன்று, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் ஜூனில் வெயில் வடக்கிலிருந்தும் டிசம்பரில் தெற்கிலிருந்தும் வருகிறது. எப்போதும் நிழலாக இருக்கும் பக்கம் என்று ஒன்றை நம்பி வடிவமைக்க முடியாது. நிழல் மேலிருந்துதான் வர வேண்டும்: மரக்கிளை, கூரை, கட்டடத்தின் நீட்டிய அடிவயிறு. இந்த ஒரு விஷயத்தை வரைபடத்தில் சரிசெய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் பயனில்லை. கூட்டங்களில் காட்டப்படும் படங்களைப் பாருங்கள், பெரும்பாலும் மாலை ஐந்தரை மணியின் சாய்ந்த பொன்னிற வெளிச்சத்தில் இருக்கும். உங்கள் படத்தை மதியம் ஒரு மணிக்கு வரையச் சொல்லுங்கள், பிளாசாவில் பாதி இடம் வெள்ளையாகத் தெரியும், அந்த வெள்ளையில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அடுத்தது உட்காருமிடம். இதில் நமக்கு முன்னால் நியூயார்க் பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கிறது. 1958-ல் அங்கே சீக்ராம் என்ற அலுவலகக் கோபுரம் தன் முன்னால் ஒரு பிளாசாவை விட்டுப் பின்வாங்கி நின்றது, மக்களுக்கு அது பிடித்துப்போனது. 1961-ல் நகரம் விதியையே மாற்றியது: பிளாசா விட்டால் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம், மிக அடர்த்தியான பகுதிகளில் ஒரு சதுர அடி பிளாசாவுக்குப் பத்து சதுர அடி தளப்பரப்பு. கட்டினார்கள். ஆனால் விதியில் இருக்கை பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் பல பிளாசாக்கள் வெறும் கல்தரையாக நின்றன. வில்லியம் வைட் என்பவர் 1970-களில் கேமராவை வைத்து அந்த இடங்களில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று வருடக்கணக்காகப் பார்த்தார். அவர் கண்டது மிக எளிமையானது: உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள். பிளாசாவின் வடிவம், அளவு, அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான். அவருடைய வேலையால் 1975-ல் விதி திருத்தப்பட்டு, 30 சதுர அடி பிளாசாவுக்கு ஓர் அடி நீள இருக்கை என்ற கணக்கு வந்தது. அதற்குப் பிறகும்கூட, 2000-ல் ஜெரோல்ட் கேடன் என்ற பேராசிரியர் தலைமையில் அந்த நகரத்தில் இப்படிச் சலுகைக்கு ஈடாக விட்ட 503 இடங்களையும் ஆராய்ந்தபோது, 41 சதவீதம் பொதுமக்களுக்குப் பெரிதாக எந்தப் பயனும் இல்லாதவை என்று முடிவு வந்தது. சலுகை வாங்கிய கட்டடங்கள் கூடுதல் தளங்களை வைத்துக்கொண்டன, மக்களுக்குக் கிடைத்தது கல்தரை.

அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்போது ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் ஆட்கள் வெயிலைத் தேடிப் போய் உட்காருவார்கள், நாம் நிழலைத் தேடுகிறோம். மற்றபடி அளவுகள் அப்படியே பொருந்தும். 40-லிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் எல்லாருக்கும் வசதி. செடித்தொட்டியின் விளிம்பை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, அரை மீட்டர் அகலம் கொடுத்தால் தனியாகப் பெஞ்சு தேவைப்படாது. இரண்டு பக்கமும் முதுகுக்கு முதுகாக உட்கார வேண்டுமென்றால் 80 சென்டிமீட்டராவது வேண்டும். கருப்புக் கிரானைட் வைக்காதீர்கள், ஒரு மணி வெயிலில் தோசைக்கல். எஃகும் அப்படியே. வெயில் நேராக விழும் இடத்தில் மரப்பலகைதான் தாங்கும். நகர்த்தக்கூடிய நாற்காலிகளைக் கேட்டுப் பார்க்கவாவது செய்யுங்கள். நியூயார்க்கின் பேலி பூங்கா 1967-ல் திறந்தது, 4,200 சதுர அடிதான் இருக்கும், சுவர்போல விழும் ஓர் அருவியும் சில மரங்களும் நகர்த்திக்கொள்ளும் நாற்காலிகளும்தான், இன்றைக்கும் அது நிறைந்து கிடக்கிறது. நாற்காலியை ஓர் அரையடி இழுத்துப் போட்டுக்கொள்கிறவர் அந்த இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறார். திருட்டுப் போகும் என்று நிர்வாகம் சொல்லும். நான் பார்த்த இடங்களில் நாற்காலிகள் உடைந்தன, வெளுத்தன, காணாமல் போனது மிகக் குறைவு.

நான் வேலை செய்த ஒரு வளாகத்தில் சிற்பம்போல வளைந்த வெள்ளைப் பெஞ்சுகள் எட்டு வைத்தோம், நல்ல விலை. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் எட்டும் காலி. பக்கத்தில் கட்டடத்தின் அடியில், மின்னறையின் காற்றுத்திறப்புக்கு முன்னால் இருந்த அரைச்சுவரில் பதினோரு பேர் வரிசையாகப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிழல் அங்கேதான் இருந்தது. அந்தச் சுவரை நாங்கள் வடிவமைக்கவே இல்லை, பொறியாளர் தேவைக்காகப் போட்டது. அன்றிலிருந்து எந்த வேலையிலும் முதலில் நிழல் வரைபடம், அதன் மேல் இருக்கை, அதற்குப் பிறகுதான் செடி என்ற வரிசையில் போகிறேன்.

இனி அனுமதி பற்றி. நிழலும் இருக்கையும் இருந்தும் ஆள் வராத இடங்கள் உண்டு, அங்கே வருகிறவருக்கு ‘நான் இங்கே இருக்கலாமா’ என்ற தயக்கம் இருக்கும். இந்த ஊருக்கு இந்தத் தயக்கத்தைப் போக்குவதில் நல்ல மரபு இருக்கிறது. இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822-ல் நகரத் திட்டத்துக்குச் சொன்ன விதிகளிலேயே கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்று இருந்தது, நம்மவர்கள் அஞ்சடி என்று சொல்வது அதைத்தான். இடம் கடைக்காரருடையது, ஆனால் மழையில் ஓடிவருகிறவர் யாரையும் கேட்காமல் ஏறி நிற்கலாம். அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளமும் அப்படித்தான், கல்யாணமும் இறுதிச்சடங்கும் சதுரங்கமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். ஊரில் திண்ணை என்று வைத்தோமே, அதுவும் வீட்டுக்காரர் இடத்தில் வழிப்போக்கருக்குக் கொடுத்த உரிமை. மூன்றிலும் பொதுவானதைக் கவனியுங்கள்: கூரை உண்டு, கதவு இல்லை, காவலாளியைக் கடந்து போக வேண்டியதில்லை.

அலுவலகக் கோபுரத்தின் லாபி இதற்கு நேர் எதிராக வளர்ந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரக் கண்ணாடி, பளிங்கு, நடுவில் வரவேற்பு மேசை, அதில் சீருடை அணிந்த ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பார்வையே போதும், வெளியாள் திரும்பிப் போய்விடுவார். இதில் காவலாளியின் தவறு எதுவும் இல்லை, மேசையை வாசலுக்கு நேரே போட்டது நம்மைப் போன்றவர்கள். ஆகவே லாபியில் நீங்கள் வரைய வேண்டிய மிக முக்கியமான கோடு அட்டை தட்டும் தடுப்பு எங்கே என்பதுதான். அதை லிஃப்டுகளுக்கு எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி வையுங்கள், ஆனால் காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் வரிசை எவ்வளவு நீளும் என்று லிஃப்ட் ஆலோசகரிடம் கேட்டு அந்த இடத்தை மட்டும் ஒதுக்குங்கள். மீதி லாபி முழுவதும் தெருவுக்குச் சொந்தம். மேசையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். தோட்டத்தின் தரைக்கல்லும் லாபியின் தரைக்கல்லும் ஒரே நிறமாக இருந்தால் கால் தயங்காமல் உள்ளே வரும். சொல்வதற்கு அற்பமாக இருக்கலாம், ஆனால் தரையின் நிறம் மாறுகிற கோட்டில் மனிதர்கள் நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் குளிரூட்டல். லாபி முழுவதையும் 23 பாகைக்குக் குளிரவைத்து, கதவைத் தோட்டத்துக்குத் திறந்து வைத்தால் மின்செலவு மட்டுமில்லை, ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த பரப்பில் எல்லாம் வியர்க்கும், கூரையின் காற்றுத் துவாரங்களிலிருந்து சொட்டும், தரை வழுக்கும். அதனால் நான் மூன்று படியாகப் பிரிக்கச் சொல்வேன்: வெளியே மர நிழல், அதற்கு அடுத்துக் கூரை மட்டும் உள்ள பகுதி, அங்கே பெரிய மின்விசிறிகள், அதற்கும் உள்ளே லிஃப்ட் பக்கம் மட்டும் ஏசி. நடுவில் இருக்கும் விசிறிப் பகுதியில்தான் ஆட்கள் தங்குவார்கள். மரினா ஒன் வளாகத்தை ஒரு நாள் மதியம் போய்ப் பாருங்கள், 2017-ல் முடிந்தது, இங்கன்ஹோவன் கட்டடக்கலை, தோட்டம் குஸ்டாஃப்சன் போர்ட்டர் குழு. நான்கு கோபுரங்கள் சேர்ந்து நடுவில் ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கின்றன, ஏசி இல்லாத அந்த நடுப்பகுதியில் காற்று நகர்கிறது, நிழல் இருக்கிறது, 350-க்கும் மேற்பட்ட செடிவகைகள். எனக்கு அங்கே பிடித்தது செடிகளின் எண்ணிக்கை இல்லை, வியர்வையோடு வருகிறவர் படிப்படியாகக் குளிருக்குள் போகிற அந்த வழி.

மழையை மறக்காதீர்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல், ஏறக்குறைய 170 நாட்கள். ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் விடியற்காலையிலோ காலையிலோ ‘சுமத்ரா’ என்கிற திடீர்ப் புயல்மழை வந்தால் காற்று 40-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் சாய்த்து அடிக்கும், சரியாக ஆட்கள் வேலைக்கு வருகிற நேரம். பத்து மீட்டர் உயரத்தில் கூரையை வைத்தால் படத்துக்கு அழகாக இருக்கும், சாய்ந்த மழையில் அதன் கீழ் எல்லாமே நனையும். கூரையின் உயரம் எவ்வளவோ அந்த அளவுக்காவது ஆழமும் இருக்கட்டும், அல்லது உயரத்தைக் குறையுங்கள். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலிருந்து லாபி வரை ஓர் இடம்கூட விடாமல் கூரை தொடர வேண்டும். இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் அந்த இரண்டு மீட்டரில்தான் நூறு பேர் குடை விரிப்பார்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரமான கோபுரம் மேலே ஓடும் காற்றை மறித்துத் தன் முகத்தின் வழியாகக் கீழே தள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கு வினாடிக்கு 4 மீட்டர் வேகம் வரைதான் வசதி, நிற்பவருக்கு 6 என்பது காற்று எவ்வளவு வசதி என்று மதிப்பிடும் லாசன் அளவுகோலில் பரவலாகப் பயன்படும் கணக்கு. சிங்கப்பூரின் சராசரிக் காற்று மெதுவானது, நமக்கு அது போதவில்லை என்பதுதான் வழக்கமான குறை. ஆனால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் உள்ள சந்தில் மட்டும் தொப்பி பறக்கும். அந்தச் சந்தில் இருக்கை வைக்காதீர்கள், உயரமான மெல்லிய மரமும் வைக்காதீர்கள். காற்றுச் சோதனையை வடிவம் முடிவாவதற்கு முன்னால் கேளுங்கள், முடிந்த பிறகு செய்தால் அது வெறும் காகிதம்.

இப்போது செடிகள். லாபிக்குள் மரம் வளருமா? வெளிச்சம் இருந்தால் வளரும், பெரும்பாலான லாபிகளில் இல்லை. மனிதக் கண் இதில் நம்மை ஏமாற்றிவிடும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம்: உச்சி வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ், நன்றாக வெளிச்சமாக இருப்பதாக நமக்குத் தோன்றும் லாபியில் 200, 300. என் அனுபவத்தில் மணிபிளான்ட், அக்லோனிமா, சான்சிவேரியா போன்றவை உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கவே 500-க்கு மேல் வேண்டும், ஒரு மரம் புதிய இலை விட வேண்டுமென்றால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் 2,000-க்கு மேல். ஒரு வேலையில் நாங்கள் 300 லக்ஸ் லாபியில் ஆறு அத்தி மரங்களை வைத்தோம். எட்டாவது மாதத்தில் தினமும் காலையில் இலை பொறுக்குவதே துப்புரவாளரின் வேலையாகிப்போனது, அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மரத்தையே மாற்றினார்கள். அது தோட்டம் ஆகாது, பூச்சாடி வாடகை. உலகப் புகழ்பெற்ற இடங்களிலும் இது நடந்திருக்கிறது: நியூயார்க்கின் ஃபோர்டு அறக்கட்டளைக் கட்டடத்தில் 1967-ல் டான் கைலி கண்ணாடிக் கூடத்துக்குள் ஒரு காட்டையே நட்டார், முதலில் நட்ட மரங்களில் பல உள்ளே நீடிக்கவில்லை, பிறகு வெப்பமான இடங்களில் வளரும் செடிகளுக்கு மாறினார்கள். ஆனால் அந்தக் கூடத்தின் தாக்கம் மட்டும் இன்றுவரை குறையவில்லை. ஆகவே வெளிச்சத்தை அளந்துவிட்டுப் பேசுங்கள். குறைவாக இருந்தால் செடியை உள்ளே கொண்டுவர வேண்டாம், லாபியின் கண்ணாடிக்கு வெளியே, கூரை முடியும் இடத்தில் நடுங்கள். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது அதே பச்சைதான், செடிக்கு மழையும் கிடைக்கும்.

செடிச்சுவர், அதாவது பம்ப் வைத்துத் தண்ணீர் ஏற்றிச் சுவரிலேயே செடி வளர்ப்பது, பற்றி என் கருத்து கடுமையானது. அழகு, மறுக்கவில்லை. ஆனால் நிழல் தராது, உட்கார விடாது, ஓர் இரவு பம்ப் நின்றால் மறுநாளிலிருந்து பழுப்பாகும். அதே பணத்தில் நல்ல மண்ணோடு நாலு மரம் நடலாம். கொடியைக் கம்பிவலையில் தரையிலிருந்து ஏற்றுவது வேறு விஷயம், அது பொறுமை கேட்கும் ஆனால் நிலைக்கும். ‘உள்ளே வைக்கும் செடிகள் காற்றைச் சுத்தப்படுத்தும்’ என்று யாராவது அறிக்கையில் எழுதினால் எடுத்துவிடச் சொல்லுங்கள். 1989-ல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறிய பெட்டிகளுக்குள் நடந்தது. 2019-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலைக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10-லிருந்து 1,000 செடிகள் வேண்டும் என்று வந்தது. செடிகளை வைக்க வேறு நல்ல காரணங்கள் உண்டு, இது வேண்டாம்.

வெளியே மரம் என்றாலும் நிலம் உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது. கீழே கார் நிறுத்தம், அதற்கும் கீழே எம்ஆர்டி. ஈரமான சாதாரண மண் ஒரு கன மீட்டர் 1.8 டன் வரை இருக்கும், இலேசான கலவை மண் அதில் மூன்றில் இரண்டு பங்கு. அலுவலகத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250, 350 கிலோவுக்குத்தான் கணக்கிடப்படுகின்றன. புல்லுக்கு 30 சென்டிமீட்டர் மண் போதும், புதருக்கு 60, நிழல் தரும் மரத்துக்கு ஒரு மீட்டருக்குக் குறையாமல், ஒன்றரை இருந்தால் நிம்மதி. அதைவிட முக்கியம் பக்கவாட்டில் மண் தொடர்ச்சியாக இருப்பது, தனித்தனிப் பெட்டிகளில் நட்டால் பத்து வருடத்தில் மரம் நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே பொறியாளரிடம் முதல் வாரமே போய், தூண்களுக்கு மேல் எங்கெல்லாம் எடை வைக்கலாம் என்று கேட்டு மரங்களை அங்கே கூட்டுங்கள். இருபது மரங்களைச் சமதூரத்தில் புள்ளிபோல வைப்பதைவிட ஐந்து மரங்கள் கிளை கோத்து ஒரே நிழலாக நிற்பது மேல்.

எந்த மரம் என்றால், மகிழம் எனக்கு மிகவும் நம்பிக்கையானது. அடர்த்தியான நிழல், நடுத்தர உயரம், மெதுவான வளர்ச்சி, காற்றைத் தாங்கும், பூ விழுந்தால் வாசனை. புங்கையும் நல்லது. தூங்குமூஞ்சி மரத்தின் குடைக்கு ஈடு இல்லை, ஆனால் அதற்கு உண்மையான தரை வேண்டும், பேஸ்மென்ட் கூரையில் அதை நட்டுச் சிறுமைப்படுத்தாதீர்கள். புன்னை கடற்காற்றுக்குச் சரி, ஆனால் கோலிக்குண்டு மாதிரி காய் உருளும், வழவழப்பான கல்தரையில் ஆள் விழுவார், அதைப் புல்லுக்கு மேல் நடுங்கள். நாகலிங்கத்தை ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள், தலையளவு காய். மைனாக்களையும் நினைவில் வையுங்கள், ஆர்ச்சர்ட் ரோட்டில் அந்தியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடர்ந்த மரத்தில் அவை கூட்டமாக அடைந்தால் கீழே இருக்கை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

பராமரிப்பில்தான் பெரும்பாலான தோட்டங்கள் சாகின்றன. மாடித் தோட்டத்துக்குத் தோட்டக்காரர் எப்படிப் போவார்? வாடகைக்கு விட்ட அலுவலகத்தின் வழியாகவா? அப்படி ஒரு கட்டடம் எனக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் அனுமதி வாங்க வேண்டியிருந்ததால் வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறையாகி, மூன்றாம் வருடம் சரளைக்கல் கொட்டி மூடிவிட்டார்கள். சர்வீஸ் லிஃப்டிலிருந்து ஒரு மண்மூட்டையைச் சக்கரவண்டியில் வைத்துப் படியில்லாமல் செடி வரை கொண்டுபோக முடிகிறதா என்று வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பாருங்கள். இருபது மீட்டருக்கு ஒரு தண்ணீர்க் குழாய். தொட்டிகளின் வடிகாலைத் திறந்து பார்க்க ஒரு மூடி. ஏடிஸ் கொசு முட்டையிட இருபது காசு நாணயம் அளவு தேங்கிய நீர் போதும், 2020-ல் இந்த ஊரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. அதனால் இலையிடுக்கில் தண்ணீர் பிடிக்கும் புரோமிலியாட், விசிறி வாழை இரண்டையும் நான் பொது இடங்களில் வைப்பதை விட்டுவிட்டேன், அழகாக இருந்தாலும்.

சரி, கேப்பிட்டாஸ்பிரிங். 280 மீட்டர், பியார்க்கே இங்கெல்ஸ் குழுவும் கார்லோ ராட்டி குழுவும் வடிவமைத்தது. 17-லிருந்து 20 வரையான தளங்களில், தரையிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், திறந்தவெளித் தோட்டம், 80,000-க்கும் மேற்பட்ட செடிகள். உங்கள் ஆட்கள் பார்த்து மயங்குவது அதைத்தான், மயங்கத்தக்கதுதான். ஆனால் நீங்கள் போகும்போது இரண்டாம், மூன்றாம் தளங்களைப் பாருங்கள். முன்பு அங்கே கோல்டன் ஷூ கார் நிறுத்தம் இருந்தது, அதில் ஓர் உணவங்காடி நிலையம், வட்டாரத்து ஊழியர்கள் தலைமுறையாகச் சாப்பிட்ட இடம். 2017-ல் மூடி இடித்தார்கள், புதிய கோபுரத்தில் அந்த உணவங்காடி திரும்ப வந்தது. மதியம் அங்கே நிற்கும் கூட்டத்தில் உச்சித் தளத்து வங்கி அதிகாரியும் இருக்கிறார், மூட்டைதூக்கியும் இருக்கிறார். அந்தக் கோபுரம் பொதுவிடமாகத் தோன்றுவதற்கு என் கணக்கில் முக்கால் பங்குக் காரணம் அதுதான், கால் பங்கு தோட்டம். உங்கள் திட்டத்தில் நாலு வெள்ளிக்குச் சாப்பாடு கிடைக்கும் ஒரு மூலை இல்லையென்றால் அதற்காகச் சண்டை போடுங்கள். கேப்பிட்டாஸ்பிரிங் நிற்பது மார்க்கெட் ஸ்திரீட்டில். தமிழர்கள் ஒரு காலத்தில் செட்டித் தெரு என்றே அழைத்த தெரு, கிட்டங்கிகள் என்ற வணிகக் கூடங்களில் பெட்டியும் சாய்மேசையும் போட்டு நகரத்தார் கொடுக்கல் வாங்கல் செய்த இடம். நான் அந்த வழியே நடக்கும்போதெல்லாம் அதை நினைக்காமல் இருந்ததில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் இருந்தால் வாடகை ஏறும் என்பார்கள். தோட்டமுள்ள கோபுரங்கள் பெரும்பாலும் புதியவை, நல்ல இடத்தில் இருப்பவை, எம்ஆர்டிக்கு அருகில் இருப்பவை, இதில் தோட்டத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். பசுமை ஊழியரின் உற்பத்தித்திறனை இத்தனை சதவீதம் கூட்டும் என்ற எண்களையும் நான் அறிக்கையில் போடுவதில்லை. பிளாசா குளிரும் என்பதில் ஒரு பகுதி உறுதி: மர நிழலில் நிற்பவருக்கு வெப்பம் மிகவும் குறைவாகத் தெரியும், ஏனெனில் வெயிலின் கதிர் தடைபடுகிறது. காற்றின் வெப்பநிலையே பல பாகை இறங்கிவிடும் என்பதை நம்பாதீர்கள். விதிகள் பக்கம் நமக்குச் சாதகம் உண்டு, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 2009 பசுமைத் திட்டம் முதல், கட்டடம் விழுங்கிய பசுமைக்கு ஈடாக மேலேயும் கீழேயும் பசுமை தர வேண்டும் என்ற போக்கு வளர்ந்திருக்கிறது, பொது மாடித் தோட்டத்தைக் கட்டடத்தின் தளப்பரப்புக் கணக்கில் சேர்க்காமல் விடும் விலக்கும் கிடைக்கிறது. நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும், வரையும் நாளில் எது நடப்பிலிருக்கிறதோ அதைப் படியுங்கள்.

கடைசியாக, யாருக்கு என்ற கேள்வி. உங்கள் குறிப்பில் ‘அலுவலக ஊழியர்கள், வருகையாளர்கள்’ என்று மட்டும் இருந்தது. அந்த இடத்தில் நாள் முழுவதும் இருப்பவர்கள் துப்புரவாளர்கள், காவலாளிகள், சாப்பாடு கொண்டுவரும் ஓட்டுநர்கள், பக்கத்து மனையில் கட்டடவேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள். எழுபது வயது அம்மா ஒருவர் படிக்கட்டுக்கு அடியில் துடைப்பங்களுக்கு நடுவே அட்டை விரித்து உட்கார்ந்து சாப்பிடுவதை, நாங்கள் விருது வாங்கிய ஒரு தோட்டத்துக்குப் பின்னால் பார்த்தேன். தோட்டத்தில் உட்காரலாமே என்றேன். ‘அதெல்லாம் ஆபீஸ்காரங்களுக்கு தம்பி’ என்றார். யாரும் அவரைத் தடுத்ததில்லை, ஆனால் அந்தத் தோட்டம் அவரிடம் அப்படித்தான் பேசியிருக்கிறது, அதில் என் கையும் இருக்கிறது. ஹாங்காங்கில் 1985-ல் முடிந்த எச்எஸ்பிசி வங்கித் தலைமையகத்தின் தரைத்தளம் திறந்த வெளியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள் நூற்றுக்கணக்கில் அங்கே அட்டை விரித்துச் சாப்பிட்டு, சீட்டாடி, கடிதம் எழுதி, பேசிக்கொண்டிருப்பார்கள். வடிவமைத்தபோது யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள், ஆனால் கூரை இருந்தது, கதவு இல்லை, யாரும் விரட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு நாளும் ஞாயிறு ஒரு நாளும், பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை, இப்போதைய பிளாசாவில் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். யார் எங்கே நின்றார்கள், எங்கே சாய்ந்தார்கள், எந்த இடத்தில் நடையை வேகப்படுத்தினார்கள் என்று குறியுங்கள். அதை வைத்து முதலில் ஒரு நிழல் வரைபடமும், இருக்கைகளும் தண்ணீர்க் குழாய்களும் மட்டும் உள்ள ஒரு வரைபடமும் போட்டு இங்கே பதிவிடுங்கள், செடிப் பட்டியலை அதன் மேல் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.